பதில் வராத பெயர்

வருகைப் பதிவின்போது அவன் பெயருக்குப் பின் விழுந்த மௌனம் இன்னும் என் காதில் இருக்கிறது. பேராசிரியர் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். நான் எழுந்து வாசலை நோக்கி நடந்தேன். எங்கே போகிறாய் என்று கேட்டார். "அவன் பதில் சொல்லலீங்க. போய்ப் பாத்துட்டு வந்தர்றேனுங்க" என்றேன். வகுப்பே சிரித்தது.

நாகலூரில் காப்பி எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவன் நான். காலையில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஆட்களின் பேர் கூப்பிடும்போது பதில் வராவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் போய்க் கதவைத் தட்டிப் பார்த்து வர வேண்டும். காய்ச்சலோ, பிரசவமோ, என்னவென்று தெரிந்த பிறகுதான் மற்றவர்கள் வேலைக்கு இறங்குவார்கள். சேலத்துக் கல்லூரியில் அவன் என் அறைத் தோழன். பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லித்தான் காலையில் என்னை அனுப்பியிருந்தான். அவனுக்குப் பக்கத்து வீடு என்றால் நான்தானே.

விடுதி அறையில், நல்ல வெயில் நேரத்தில், மலையிலிருந்து கொண்டுவந்த கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தான். நெற்றியைத் தொட்டேன், சூடு இல்லை. மலைமேல் செம்மநத்தத்தில் சாமை விதைக்கிற குடும்பம் அவனுடையது. அங்கிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். இங்கிலீஷில் நடந்த பாடம் ஒரு வரியும் பிடிபடாமல், யாரோடும் பேச்சில்லாமல், சோறும் இறங்காமல் கிடந்திருக்கிறான்.

"நான் பதில் சொல்லலைங்கறதுக்கா கிளாஸை உட்டுட்டு வந்தே?" என்று கேட்டுவிட்டு அழுதான். "ஊட்டுக்கும் போவ முடியாது. படிப்ப உட்டுட்டு வந்துட்டான்னு ஊரே பேசும். இங்கயும் இருக்க முடியல." அந்தக் குரல் என்னைப் பயமுறுத்தியது.

மறுநாளே அவனைப் பஸ் ஏற்றி எங்கள் வீட்டுக்கு அழைத்துப்போனேன். காப்பிப் பழம் பறிக்கிற சமயம். அம்மா ஒன்றும் விசாரிக்கவில்லை. விடிந்ததும் ஒரு கூடையைக் கையில் கொடுத்துத் தன்னோடு வேலைக்குக் கூட்டிப்போனாள். ரைட்டர் அவன் பெயரையும் பதிவில் சேர்த்துக் கடைசியாகக் கூப்பிட்டார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பனியில் முக்காடு போட்டு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவரும் நகரவில்லை.

"சத்தமாச் சொல்லு சாமி, ரைட்டருக்குக் கேக்கல" என்றாள் அம்மா.

"இருக்கேனுங்க" என்றான்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். கல்லூரிக்குத் திரும்பிய பிறகும் கம்பளிக்குள் கிடந்த நாட்கள் உண்டு, அரியர்களும் உண்டு. ஆனாலும் படித்து முடித்தான். என் கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு நீ வராம இருந்திருந்தா..." என்று தொடங்கியவன், மீதியைச் சொல்லாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

இப்போது ஆசிரியனாகி, பேர் கூப்பிடுகிற இடத்தில் நான் நிற்கிறேன். மாணவர்களின் மனநிலை பற்றிக் கூட்டம் போட்டு நிறையப் பேசுகிறோம். கோடும் போட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். போன வாரம் ஒரு மாணவியின் பெயருக்குப் பதில் வரவில்லை. பேனாவை மூடி வைத்தேன்.

"அந்தப் பொண்ணோட ரூம்ல இருக்கறது யாரு கண்ணு? போய்க் கதவத் தட்டிப் பாத்துட்டு வா."

வகுப்பு சிரித்தது. சிரிக்கட்டும். பின்வரிசையில் ஒருத்தி எழுந்து வெளியே போனாள். அவள் திரும்பி வரும்வரை அடுத்த பெயரை நான் கூப்பிடவில்லை.