பன்னிரண்டு தையல் போட்ட கர்வம்

1. முடியாது என்று சொன்ன நாள்

ராமலிங்கம் அண்ணன் முதன்முதலில் என் மெஷின் ரிப்பேர் ஷெட்டுக்கு வந்தது மகனுடைய பைக்கில், தன் காலைத் தானே மடியில் வைத்துக்கொண்டு. முழங்காலுக்குக் கீழே மாட்டும் செயற்கைக் கால் அது. கால் நன்றாகத்தான் இருந்தது. அதைத் தொடையோடு சேர்த்துப் பிடிக்கும் தோல் வார்தான் சேற்றிலும் வியர்வையிலும் ஊறி நைந்துபோயிருந்தது. அவருக்கு மடுகரையில் கரும்பு விவசாயம்.

"யம்மா, நீ மெஷினு ரிப்பேரு பண்றவளாமே. கெட்டியா ஒரு வாரு தெச்சிக் குடு."

"அண்ணா, எங்கிட்ட இருக்கறது சட்டை தெக்கிற மெஷினு. தோலு தெக்காது," என்றேன்.

மகன் குமார் பைக்கை விட்டு இறங்கவே இல்லை. "நான்தான் சொன்னேனேப்பா. வயல குத்தகைக்கு வுட்டுட்டு வூட்ல குந்து."

அண்ணன் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். "கரும்பு வெட்டுக்குள்ள நான் வயல்ல நடக்கலன்னா குத்தகைக்கு வுட்டுடறேன்னு இவங்கிட்ட ஒத்துக்கினேன்மா."

வாரை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வில்லியனூர் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள் நான். மெக்கானிக் வரும்வரை காத்திருக்கப் பொறுமை கிடையாது. நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடுவேன். அப்படியே லைன் மெக்கானிக் ஆகி, அந்த வேலையிலேயே ஓய்வும் பெற்றேன். "பொம்பளைக்கு இன்னாத்துக்கு ஸ்பேனரு?" என்று கேட்ட அதே சூப்பர்வைசர், பிறகு மெஷின் நின்றால், "பிலோமினா எங்க? கூப்புடு அவங்கள," என்று கத்துவார். அப்படிப்பட்டவள், கரிக்கலாம்பாக்கத்தில் சொந்தமாக ஷெட் போட்ட பிறகு, முடியாது என்று சொல்லிவிட்டேன். வெட்கமாக இருந்தது.

2. மெஷினை மாற்றியது

கம்பெனி கழித்துக்கட்டியபோது நான் வாங்கிவந்த பழைய சிங்கிள் நீடில், அதாவது ஒற்றை ஊசி மெஷின் ஒன்று இருந்தது. அதில்தான் கை வைத்தேன்.

முதல் சிக்கல் வேகம். சட்டைக்கு அது பறக்க வேண்டும், தோலுக்கு நடக்க வேண்டும். மோட்டாரில் பெல்ட் ஓடும் புல்லியைக் கழற்றி அதைவிடச் சின்னதை மாட்டினேன். ஊசி பதினாலாம் நம்பரிலிருந்து இருபத்திரண்டுக்குப் போனது. தடித்த ஊசி போட்டதும் கீழே சுழலும் ஹுக்கில் 'டக்' என்று இடித்தது. ஹுக் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, ஒரு தலைமுடி அளவு தள்ளி வைத்து, ஊசியும் ஹுக்கும் சந்திக்கும் டைமிங்கைப் புதிதாகப் பிடித்தேன். ஊசி இறங்கும் பிளேட்டின் துளையைப் பெரிதாக்கி எமரித் தாளால் வழவழப்பாக்கினேன். துணியைத் தள்ளும் ஃபீட் டாக் பல் தோலின் அடியில் கடித்த தழும்பு போட்டது. அரத்தால் பல்லை மழுங்கடித்தேன். மேலிருந்து அமுக்கும் இரும்பு ஃபுட்டில் தோல் ஒட்டிக்கொண்டு நகர மறுத்ததால், வழுக்கும் டெஃப்லான் ஃபுட் மாட்டினேன். நூல் தடித்த நைலான்.

ஒரு வாரத்தில் ஐந்து ஊசி உடைந்தது. ஆறாவது ஊசி இரண்டு மடிப்புத் தோலைக் குத்தி மேலே வந்தபோது தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

வாரைத் தைத்தேன். கம்பெனி ஸ்டாண்டர்டில், இஞ்சுக்குப் பன்னிரண்டு தையல். பக்கிள் மாட்டும் மடிப்பில் வாரின் குறுக்கே ஒரே நேர்க்கோடு, தொடக்கத்திலும் முடிவிலும் அதே கோட்டில் பின்னோக்கி ரிவர்ஸ் அடித்து லாக். சரக்கு வாங்கும் பையர் வந்து பார்த்தாலும் பாஸ் பண்ணியிருப்பார். அண்ணன் மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள்ளேயே நாலு சுற்று நடந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

3. அறுந்த வார்

ஒன்பதாம் நாள் குமார் மட்டும் வந்தான். வாரை மேசைமேல் போட்டான். பக்கிள் தனி, வார் தனி.

"வாய்க்கா தாண்டும்போது வுழுந்துட்டாரு. முட்டி பேந்து பூடுச்சி. நீங்க இன்னாத்துக்குக்கா அவர உசுப்பேத்துறீங்க?"

ஒரு மனிதனை வாய்க்காலில் தள்ளிவிட்டது என் தையல். வாரை எடுத்துப் பார்த்தேன். நூல் ஓரிடத்திலும் அறுந்திருக்கவில்லை. அறுந்தது தோல். துளை இருந்த கோட்டிலேயே, ரசீது புத்தகத்துத் தாளைப்போல நேராகக் கிழிந்திருந்தது. ரிவர்ஸ் அடித்த முனையில் துளைமேல் துளை விழுந்து, தோல் என்ற ஒன்றே அங்கு மிச்சமில்லை.

துணியில் ஊசி, இழையை விலக்கிவிட்டு உள்ளே போகிறது. தோலில் அது வெட்டிக்கொண்டு போகிறது; வெட்டியது வெட்டியதுதான். மெஷினில் இருந்ததையெல்லாம் மாற்றிய நான், என் கைப்பழக்கத்தை மட்டும் மாற்றவில்லை. நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்பது சட்டையின் கணக்கு. அதையே தோலுக்கும் போட்டிருக்கிறேன்.

"குமாரு, அண்ணங்கிட்ட சொல்லு. தப்பு என்னுது. இன்னும் ஒரு வாட்டி தெச்சித் தரேன்."

"அவரும் அதத்தான் கேட்டு வரச் சொன்னாரு," என்றான், வேண்டாவெறுப்பாக.

4. ஐந்து தையல்

இந்த முறை இஞ்சுக்கு ஐந்து. குறுக்கே ஒரு தையலும் கிடையாது. வாரின் இரண்டு ஓரத்திலும் நெடுக்க மட்டும். ரிவர்ஸ் அடிக்கவே இல்லை. நூல் முனைகளைப் பின்பக்கம் இழுத்து முடிச்சுப் போட்டு, தீக்குச்சியால் உருக்கி அமுக்கினேன். கம்பெனியில் இப்படித் தைத்திருந்தால் நானே திட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

கொடுப்பதற்கு முன் ஷெட்டின் குறுக்குக் கம்பியில் வாரைக் கட்டி, கழற்றிப் போட்டிருந்த இரண்டு மெஷின் தலைகளை அதில் தொங்கவிட்டேன். மூன்று நாள். துளை ஒன்றும் நீளவில்லை. அதன்பிறகுதான் ஆள் அனுப்பினேன்.

இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் கைக்கு எது நன்றாக வருமோ அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வராத வேலையில் நாம் எப்படியும் ஜாக்கிரதையாக இருப்போம்.

கரும்பு வெட்டு தொடங்கிய அன்று அண்ணன் என்னை வரச் சொல்லியிருந்தார். போனேன். குமார் களத்தில் வண்டிக்குக் கரும்புக் கட்டு எண்ணிக்கொண்டிருந்தான். குத்தகைப் பேச்சு ஏதும் எடுக்கவில்லை. "அப்பா அந்தக் கோடியில இருக்காருக்கா," என்று மட்டும் கை காட்டினான். அண்ணன் எதிரே வந்து என்னை வயல் முழுக்கச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனார். வரப்பு ஒற்றையடி அகலம். அவர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். பாதி வயல் வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கி, இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாமா, கால் நோவுதா? குந்து, குந்து. நான் ஒரு நட போயி தண்ணி கொண்டாறேன்."

உட்கார்ந்துகொண்டேன். அவர் போவதைப் பார்ப்பதற்காகத்தான்.