பேட்டரி மேல குத்தமில்லீங்க!

போன மாதம் ஒரு புதன்கிழமை, காலை ஒன்பது மணி. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில், புதுச்சத்திரத்தில் ஒரு டீக்கடை வாசல். டீ குடித்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறேன். ‘டக்’. அவ்வளவுதான். மறுபடி திருப்புகிறேன்... மறுபடி ‘டக்’.

பக்கத்து சீட்டில் செல்வி. ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டில் ஆறு வருஷமாகச் சமைப்பவள். முப்பத்தெட்டு வயது. பிளஸ் டூ படிக்கும் மகளைத் தனியாக வளர்க்கிறாள். அவள் பிறந்த ஊர், நாமக்கல் தாண்டி இருக்கும் மோகனூர். அங்கே ஒரு பள்ளி விடுதியில் சமையல்கூட மேற்பார்வையாளர் வேலைக்கு அன்று பதினோரு மணிக்கு இன்டர்வியூ. தங்க இடமும் தருகிறார்கள். கிடைத்தால் அம்மாவும் மகளும் நிம்மதியாக இருக்கலாம்.

“நான் பஸ்ல போயிக்கறனுங்க அக்கா” என்றுதான் அவள் சொன்னாள். நான் விடவில்லை. இன்டர்வியூவுக்குப் போகிறவள் பஸ்ஸில் கசங்கி, வியர்த்துப் போய் நிற்பதா? ஏசி காரில் ஜம்மென்று கொண்டுபோய் இறக்குகிறேன் என்றேன். வழியெல்லாம் பாடம் வேறு நடத்தினேன். நேராகப் பார்த்துப் பேசு, பயப்படாதே, நூறு பேருக்குச் சமைக்க முடியுமா என்று கேட்டால் இப்படிச் சொல்... அவள் வாயே திறக்கவில்லை. பாவம், பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ‘டக்’ எனக்குப் புதிதில்லை. இரண்டு மாதத் தொல்லை. “பேட்டரிதான், சந்தேகமே இல்லை” என்றார் என் வீட்டுக்காரர். புதுப் பேட்டரி போட்டோம். நாலு நாள் ஒழுங்காக ஓடி, மறுபடி ‘டக்’. ஒர்க்‌ஷாப்பில் “செல்ஃப் மோட்டார் போயிடுச்சு” என்றார்கள். இன்ஜினைக் கிளப்பும் அந்த மோட்டாரையும் மாற்றினோம். ஒரு வாரமாகத் தகராறு இல்லை. அந்த நம்பிக்கையில்தான் செல்வியை ஏற்றிக்கொண்டு வந்தேன்!

டீக்கடையில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். “பேட்டரி டவுனுங்க” என்றார் ஒருவர். “தள்ளிப் பாக்கலாங்களா?” என்றார் இன்னொருவர். ஆட்டோமேட்டிக் வண்டி, தள்ளினால் எடுக்காது. கடைசியில் டீக்கடைக்காரர், “எதுத்தாப்புல கலாமணி அக்கா பட்டறை இருக்குதுங்க. லாரிக்கெல்லாம் செல்ஃப் வேலை பாக்கறவங்க” என்று சொல்லிவிட்டு, அவரே போய் அழைத்து வந்தார்.

என் வயதுதான் இருக்கும் கலாமணிக்கு. சேலைக்கு மேலே ஒரு பழைய முழுக்கைச் சட்டை, தோளில் தடித்த கேபிள். புதுப் பேட்டரி, புது மோட்டார் என்று நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

“மாத்துனதெல்லாம் அப்பறம் சொல்லுங்க” என்றார் கலாமணி. “சத்தம் எப்படி வருது? மொதல்ல அதக் கேக்கோணும்.”

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். ‘டக்’. வண்டிக்கு முன்னால் நின்று விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“லைட்டு மங்கவே இல்ல பாருங்க. பேட்டரி மேல குத்தமில்லீங்க.”

பானெட்டைத் திறந்து கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், மறு முனையை இன்ஜினில் ஒரு போல்ட்டிலும் கவ்வவிட்டார். “இப்ப செல்ஃப் அடிங்க.”

ஒரே திருப்பு. கார் உறுமிக்கொண்டு எழுந்தது!

“செல்ஃபும் நல்லாத்தான் இருக்குது. கரண்டு போறதுக்கு வழி இருக்குங்க, திரும்பி வாரதுக்குத்தான் வழியில்ல. எர்த்து எடுக்கல.” இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் ஒரு பட்டை ஒயரைக் காட்டினார். முனையெல்லாம் பச்சை பூத்து, ஏறக்குறைய அறுந்தே போயிருந்தது. “இப்படியே போனா மறுக்கா எங்கியாச்சும் நிக்கும். புது ஒயரு வெட்டிப் போட ஒரு மணி நேரம் ஆகுமுங்க.”

அப்போது மணி ஒன்பதரை. நான் செல்வி பக்கம் திரும்பி, “பயப்படாதே. பத்தரைக்குக் கிளம்பினாலும் வேகமாகப் போய்விடலாம்” என்றேன்.

கலாமணி அவளை உற்றுப் பார்த்தார். “ஏங் கண்ணு, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது? என்ன பண்ணுது?”

“இன்டர்வியூவுக்குப் போகிறாள். டென்ஷன்” என்றேன் நான்.

“நீங்க சித்த இருங்க. நீ சொல்லு சாமி.”

செல்வி என்னைப் பார்த்தாள். தயங்கினாள். பிறகு மெதுவாக, “டென்சன் இல்லீங்க... ஜன்னலச் சாத்திப்போட்டு ஏசி கார்ல போனா எனக்கு வாந்தி வருமுங்க. வாயத் தொறந்தா வந்துருமோன்னு கம்முனு வந்தனுங்க. அதுக்குத்தான் பஸ்ல போறன்னு சொன்னனுங்க” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு தடவையா சொன்னாள்? மூன்று தடவை சொன்னாள். ஏன் என்று ஒரு தடவையாவது கேட்டேனா?

“அப்பறம் என்ன? நாமக்கல் பஸ்ஸு இப்ப வந்துரும். ஜன்னலோரமா உக்காந்துக்க. அங்க எறங்கி மோகனூர் பஸ்ஸு மாறிக்கலாம்” என்றார் கலாமணி. செல்வி அப்போதும் என் முகத்தைத்தான் பார்த்தாள் — அனுமதிக்காக. அந்தப் பார்வைதான் என்னை ரொம்பவும் சங்கடப்படுத்தியது. “போம்மா, போ” என்றேன். பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தபடி போனாள்.

அந்த ஒரு மணி நேரம் டீக்கடை பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். யாருக்காக அவளைக் காரில் ஏற்றினேன்? சமையல்காரி வேலையை விட்டுப் போகிறாள் என்று தெரிந்தும், வீட்டுக்காரியே காரில் கொண்டுபோய் விட்டு வந்தாள் என்று என்னை நாலு பேர் சொல்ல வேண்டும்... உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால், எதிராளிக்கு வாய் இருப்பதே நமக்கு மறந்துபோகிறது. ஆறு வருஷத்தில் நானாக முடிவு செய்துகொண்ட வேறு எதையெல்லாம் அவள் ‘கம்முனு’ தாங்கிக்கொண்டாளோ?

நான் மோகனூர் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றேகால் தாண்டிவிட்டது. செல்வி இன்டர்வியூவுக்குக் கால் மணி முன்னதாகவே வந்துவிட்டாள், உள்ளே போயிருக்கிறாள் என்றார் விடுதி வாட்ச்மேன். பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தாள். முகத்தில் களை திரும்பியிருந்தது.

“எப்படி இருந்தது?” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

“நல்லா பேசுனாங்க அக்கா. நீங்க சொல்லிக் குடுத்ததுல ஒண்ணுகூடக் கேக்கலீங்க” என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆறு வருஷத்தில் என்னிடம் அவள் அடித்த முதல் கிண்டல்!

வேலை கிடைத்துவிட்டது. மகளோடு போன வாரம் மோகனூருக்குக் குடிபோனாள்.

இப்போது எங்கள் வீட்டில் என் சமையல். வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவப் போகிறார். சாம்பார் எப்படி என்று நான் இன்னும் கேட்கவில்லை... கேட்பதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறதே!