காய்ச்சல் எந்தக் கரையில் தொடங்கியது

என் அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது நீதிமன்றம் மிகச் சுலபமாக ஒரு வரி எழுதிவிட்டது: பிள்ளைகளின் மருத்துவச் செலவை இருவரும் சரிபாதியாக ஏற்க வேண்டும். எழுதியவருக்கு என் பெற்றோரைத் தெரியாது. தெரிந்திருந்தால் முப்பது பக்கம் எழுதியிருப்பார், இல்லாவிட்டால் பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

அப்பா பட்டர்வொர்த் பக்கம், பாகான் டாலாமில் இருந்தார். துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. அம்மாவும் நானும் தங்கையும் எதிரே இருந்த தீவில், டத்தோ கிராமாட்டில், ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தோம். அம்மா ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பாலத்தை அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடலைத் தாண்ட ஃபெர்ரிதான். நான் மூத்த பெண், எனக்குப் பதினொரு வயது, தங்கைக்கு ஏழு. சனிக்கிழமை காலையில் அம்மா எங்களை ஃபெர்ரியில் ஏற்றிவிடுவார். அக்கரையில் அப்பா காத்திருப்பார். ஞாயிறு சாயங்காலம் அப்பா எங்களோடு தீவுக்கு வந்து, அம்மாவின் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்களை விட்டுவிட்டு, அடுத்த ஃபெர்ரியில் திரும்பிவிடுவார். பட்டர்வொர்த்தில் ஏறும்போது மட்டும்தான் கட்டணம். தீவிலிருந்து வரும்போது இலவசம். "பாத்தியா, உங்கம்மாகிட்ட போறதுக்குத்தான் காசு," என்று அப்பா வாராவாரம் சொல்வார். வாராவாரம் நாங்களும் சிரிப்போம்.

சரிபாதி என்பது ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. தங்கைக்கு இருமல் வந்தால், அது அப்பா வாங்கிக் கொடுத்த ஐஸ் கச்சாங்கால் வந்தது, நான் எதற்குப் பாதி தர வேண்டும் என்பார் அம்மா. அந்த மாடி வீட்டில் காற்றே கிடையாது, இருமாமல் என்ன செய்யும் என்பார் அப்பா. கடைசியில் அம்மா மத்தியான இடைவேளையில் ஓர் ஒப்பந்தம் டைப் செய்தார், கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதி: நோய் எந்த வீட்டில் தொடங்குகிறதோ அந்த வீட்டார் முழுச் செலவையும் ஏற்பது. இருவரும் உடனே கையெழுத்துப் போட்டார்கள். நோயெல்லாம் அடுத்தவர் வீட்டில்தான் உற்பத்தியாகிறது என்று இருவருமே உறுதியாக நம்பியதால் அவ்வளவு வேகம்.

அதன்பிறகு எங்கள் டாக்டர் நீதிபதியாகிவிட்டார். கிளினிக்கில் அம்மா மருந்தைவிட ரசீதில்தான் கவனமாக இருப்பார். "டாக்டர், எங்க ஆரம்பிச்சிருக்கும்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க." வரிசையில் இருபது பேர் காத்திருக்க, அந்த மனிதர் ஒருமுறை அலுத்துப்போய் 'தொண்டையில்' என்று எழுதிக் கொடுத்தார். அம்மா அதையும் கோப்பில் சேர்த்தார்.

அந்த வருஷம் நான் அப்பா வீட்டு வாசலில் சைக்கிளிலிருந்து விழுந்து தாடையில் மூன்று தையல் போட்டுக்கொண்டேன். அப்பா மறுபேச்சில்லாமல் முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். அம்மாதான் ஆறவில்லை. "இன்னொரு தடவ அங்கேர்ந்து ஏதாச்சும் வாங்கிட்டு வந்தீங்க, சனிக்கிழமைய மறந்துட வேண்டியதுதான். நா திரும்ப கோர்ட்டுக்குப் போவேன்," என்றார். மற்ற அம்மாக்கள் சொன்னால் பயமில்லை. என் அம்மா மத்தியான இடைவேளையில் தானே மனுவை டைப் செய்துவிடுவார்.

எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் வேண்டும். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா எங்களோடு கேரம் ஆடுவார். ஆடும்போது பகிரங்கமாகத் திருடுவார். சிவப்புக் காயைக் கையால் எடுத்துக் குழியில் போட்டுவிட்டு, "காத்துலா," என்பார். டின் சார்டின் குழம்பு ஒன்றுதான் அவருக்குச் சமைக்கத் தெரியும், அதிலும் உப்பை மறந்துவிடுவார். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும், அவ்வளவுதான். வாரத்தில் ஐந்து நாளை அந்த இரண்டு நாளுக்காகத்தான் தள்ளிக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கையில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பா வீட்டுக் குளியலறையில் என் வயிற்றில் மூன்று நீர்க் கொப்புளங்களைப் பார்த்தேன். என் வகுப்பில் ஏற்கெனவே நாலு பேர் அம்மை போட்டு வீட்டில் கிடந்தார்கள். டாக்டரிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

என் புத்தி சட்டப்படிதான் ஓடியது. இது இங்கே தெரிந்தால் அப்பா வீட்டு நோய். நாளை சாயங்காலம்வரை மறைத்து, தீவில் போய் இறங்கிய பிறகு தெரிந்தால் அம்மா வீட்டு நோய். அப்பாவுக்குச் செலவில்லை, என் சனிக்கிழமைக்கும் ஆபத்தில்லை. ஆக, கொப்புளங்களைக் கடல் தாண்டிக் கடத்த வேண்டும்.

பள்ளிக்கூட விளையாட்டுச் சட்டையை எடுத்து மாட்டினேன். முழுக்கை, கழுத்துவரை ஜிப். பாகான் டாலாமின் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை அப்பா ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "குளிருது," என்றேன். மின்விசிறியைக் குறைத்துவிட்டு அவர் அடுத்த காயை அடித்தார்.

தங்கையிடம்தான் சிக்கல். அவள் என் முதுகைப் பார்த்துவிட்டாள். முதலில் ஓர் அழிப்பானுக்கு ஒத்துக்கொண்டாள். சாயங்காலம் புதுப் பென்சில் பெட்டி கேட்டாள். ஞாயிறு காலையில் என் பங்கு ரொட்டி சானாயையும் இழுத்து வைத்துக்கொண்டு, "இன்னும் எத்தன மணி நேரம் சொல்லாம இருக்கணும்?" என்று அப்பா எதிரிலேயே கேட்டாள். நல்லவேளை, அப்பா அப்போது வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு உடம்பு கொதித்தது. இனி சாயங்காலம்வரை தாங்காது. "அப்பா, ரெண்டு மணிக்கே வீட்டுக்குப் போலாமா?" என்றேன்.

அப்பாவின் கை கேரம் பலகையிலேயே நின்றது. "ஏன்மா? போரடிக்குதா?"

"இல்ல. ஹோம்வொர்க் இருக்கு."

அவர் காய்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார். அன்று காலை ஒரு காய்கூடத் திருடாமல் ஆடியிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்காகத்தான் செய்கிறேன் என்று சொல்லவும் முடியாமல், அவர் முகத்தைப் பார்க்கவும் முடியாமல், ஜிப்பை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டேன்.

ஃபெர்ரியின் மேல்தளத்தில் நல்ல காற்று. பாதிக் கடல் தாண்டியிருப்போம். காற்று என் நெற்றி முடியைத் தூக்கியது. தங்கை நிதானமாகச் சொன்னாள்: "அப்பா, அக்காவுக்கு மூஞ்சிலயும் வந்துருச்சு. இப்ப சொல்லலாமா?"

அப்பா என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தார். "எப்பலேர்ந்து?"

"நேத்து மத்தியானம்."

"ஏன்மா சொல்லல?"

"உங்க வீட்ல வந்துச்சுன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சா, அப்புறம் சனிக்கிழம கிடையாது. அங்க போயி வந்த மாதிரி சொல்லிக்கலாம்பா. இன்னும் கொஞ்ச தூரந்தான்."

அவர் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார். பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். "பன்னெண்டு வருஷமா ஹார்பர்ல வேல பாக்குறேன்," என்றார். "கடத்தல் எத்தனையோ பாத்தாச்சு. இந்தச் சரக்க யாரும் கடத்திப் பாத்ததில்ல."

தீவு வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நாங்கள் இறங்கவில்லை. அப்பா கோயிலுக்கு வருஷத்துக்கு ஒரு நாள் போகிறவர். ஆனாலும் அம்மை வந்த உடம்பை பஸ்ஸில் ஏற்றி ஊர் சுற்றக்கூடாது என்பதில் அவருக்கு இரண்டாம் பேச்சில்லை. வந்த ஃபெர்ரியிலேயே திரும்பினோம். தீவிலிருந்து வருவதற்குத்தான் காசு கிடையாதே.

காப்பிக் கடையிலிருந்து அப்பா எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த மளிகைக் கடைக்கு போன் செய்தார். இரண்டு மணி நேரத்தில் அம்மா வந்துவிட்டார். கையில் வேப்பிலைக் கட்டு, மஞ்சள், வெள்ளைத் துணி, தனக்கு ஒரு பை. பிரிந்த பிறகு அந்த வீட்டு வாசலை அவர் மிதிப்பது அதுதான் முதல் முறை. நிலைப்படியில் வேப்பிலையைச் செருகிவிட்டுத்தான் உள்ளே வந்தார். மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நான் வாசல் தாண்டக்கூடாது. ஆகவே அம்மாவும் போக முடியாது. அப்பா தன் தலையணையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு நண்பரின் வரவேற்பறைக்குப் போனார்.

எங்கள் வழக்கம் தெரிந்தவர்களுக்கு அடுத்து வந்த தொல்லை புரியும். அம்மன் வந்திருக்கும் வீட்டில் தாளிக்கக்கூடாது, கறி மீன் கூடாது, சத்தம் கூடாது. முக்கியமாக, சண்டை கூடாது. ஆறு வருஷம் சண்டையைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே கூடத்தில் ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. அவர்களுக்கு நாக்கு அரித்தது.

வழக்கமாக இருவரும் நேரே பேசமாட்டார்கள். எங்கள் வழியாகத்தான் தூது போகும். இப்போது நான் பிள்ளை இல்லை, தாய். தாயிடம் மரியாதையாகத்தான் பேச வேண்டும். "தாயே, இளநி தீந்துபோச்சாம்னு சொல்லு," என்பார் அம்மா. "தாயே, ரெண்டு வாங்கி ஆணியில மாட்டியிருக்குன்னு சொல்லு," என்பார் அப்பா. ஆணி எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். அதே ஆணியில்தான் ஒரு காலத்தில் அம்மா தன் குடையை மாட்டுவார், அப்பா எடுத்துத் தொலைப்பார். அதைப் பற்றிப் பேச அம்மாவின் உதடு இரண்டு தடவை பிரிந்தது. வேப்பிலையைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

நான் அந்தப் பதவியை நன்றாகவே அனுபவித்தேன். தாய்க்குக் கேரம் ஆட ஆசை என்றேன். பாயில் படுத்தபடி நான் சொல்லச் சொல்ல, அப்பா எனக்காகவும் தனக்காகவும் ஆடினார். அவர் திருடியபோது, அடுப்படியிலிருந்து அம்மா பார்த்துவிட்டார். "அம்மாள் பாத்துக்கிட்டுதான் இருக்கா," என்றார் பொதுவாக. அப்பா காயைத் திரும்ப வைத்தார். தங்கை மட்டும் தனக்கு எப்போது அம்மை வரும் என்று ஏக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் கண்ணிமையில் ஒரு கொப்புளம் கிளம்பியது. அம்மன் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று இருவரும் பயந்து, டாக்டரை வீட்டுக்கே கூட்டி வந்தார்கள். கண்ணுக்கு ஒன்றுமில்லை. பில் மட்டும் நாற்பத்தைந்து வெள்ளி, எங்கள் ஊர்ப் பணத்தில் அது பெரிய தொகை. அதைப் பற்றிப் பேசினால் சண்டை நிச்சயம் என்பதால், மஞ்சள் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். இருவரும் கடந்து போகும்போதெல்லாம் அந்தத் தட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போனார்கள். ஐந்து நாள் அந்தக் காகிதம் மஞ்சள் பூசிக்கொண்டு கிடந்தது.  என் சனிக்கிழமைகளும் அதற்கடியில்தான் இருந்தன.

மூன்றாம் தண்ணீர் ஊற்றித் தலை துவட்டிய கையோடு அம்மா தட்டைத் தூக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்ரிமென்ட்டுன்னா அக்ரிமென்ட்டுதான்," என்றார் அப்பா. "என் வீட்லதான் வந்துச்சு. நான் கட்டுறேன்."

ஒன்பது நாளாகச் சண்டை விரதம் இருந்த அம்மா இதற்கு என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். "சரி," என்றார். அப்பா பில்லை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அரை மணியில் பணம் கட்டிய ரசீதோடு வந்தார். வழக்கமாக அதை அம்மாவின் கோப்புக்குக் கொடுக்க வேண்டும். அவர் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அம்மா கேட்கவில்லை.

ஃபெர்ரியில் அம்மா எனக்கும் தங்கைக்கும் நடுவில் உட்கார்ந்தார். கரை நகர்ந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "ம்மா, இனிமே சனிக்கிழம கிடையாதா?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. அங்கேர்ந்து ஏதாச்சும் வாங்கிட்டு வந்தா…"

"இது அங்கேர்ந்து வாங்குனது இல்ல," என்றார் அம்மா. "வெள்ளிக்கிழம சாயங்காலமே பாத்துட்டேன். நீ சட்ட மாத்தும்போது முதுகுல ரெண்டு இருந்துச்சு. லீவு லெட்டர்கூட அன்னிக்கே டைப் பண்ணி வச்சுட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "தெரிஞ்சும் ஏன் அனுப்புனீங்க?"

"பாத்துட்டேன்னு சொல்லியிருந்தா உனக்கு மூணு சனிக்கிழம போயிருக்கும். நீ வியாழக்கிழமையே பைய கட்டி வாசல்ல வச்சுட்ட. அம்மாளும் ஒரு தடவ ஃபெர்ரி ஏறிட்டு வரட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. இந்த அம்மாவிடமிருந்தா என் சனிக்கிழமைகளை ஒளித்து வைக்கப் பார்த்தேன் என்று வெட்கமாகவும் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் என் சட்டமூளை மறுபடி விழித்துக்கொண்டது.

"அப்ப அந்தப் பில்லு நம்ம கட்ட வேண்டியதுலா. அப்பாகிட்ட சொல்லணும்ல?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்." அம்மா என் நெற்றியில் காய்ந்திருந்த பொருக்கைத் தொடாமல் முடியை மட்டும் ஒதுக்கினார். "ஒம்பது நாள் மக தன் வீட்ல இருந்தான்னு அவருகிட்ட ஒரு ரசீது இருக்கட்டும்."