நெய்ச்சோறு ஆக்காத நாட்கள்

நேற்று என் மகன் துபாயிலிருந்து வந்து சேர்ந்தான். அங்கே சண்டை, விமானம் கிடைக்காமல் திண்டாடி வந்தவன். எனக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. நெய்ச்சோறு, தால்ச்சா, கோழி என்று ஆக்கிப் போட்டு, எல்லாவற்றையும் படம் பிடித்து போனில் ஸ்டேட்டஸ் வைத்தேன். இன்று காலை பால் எடுக்க வாசலுக்கு வந்தால் லாத்தா என்று நான் கூப்பிடும் எதிர்வீட்டு அக்கா நின்றார். "ஸ்டேட்டஸ் பாத்தேன் தம்பி. புள்ள நல்லபடியா வந்துட்டான், அல்ஹம்துலில்லாஹ்" என்றவர் சட்டென்று உள்ளே போய்விட்டார். அவர் மகன் அந்தப் பக்கம்தான் கப்பலில் வேலை செய்கிறான். சண்டை தொடங்கியதிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விரலில் இன்னும் நெய் வாசனை இருந்தது. அந்த வாசனை வந்தாலே எனக்குக் குவைத் போர் ஞாபகம்தான். சிரிக்காதீர்கள். அப்போது காரைக்காலில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் குவைத்தில். முதலில் தப்பி வந்தவர் என் வாப்பாவின் தம்பி, சாச்சா. அன்றைக்கு நெய்ச்சோறு நிச்சயம் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உம்மா வைத்ததோ வெறும் சோறும், புளி கரைத்த ரசமான புளியாணமும். முணுமுணுத்தேன்.

"வாசன பக்கத்து வூட்டுக்குப் போவாதா? அவங்க வூட்டு ஆம்பள இன்னும் வரல. பேசாம சாப்புடு."

சாச்சாவோ குளிக்கக்கூட இல்லை. வீடு வீடாகப் போய், இன்னாரைப் பார்த்தேன், இன்னார் எல்லை தாண்டிவிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்தடுத்து ஆள் வந்த வீடுகளிலும் அதே புளியாணம்தான். யாரும் சட்டம் போடவில்லை. கடைசி ஆள் வந்திறங்கிய பிறகுதான் தெருவில் நெய் மணத்தது. பாய் விரித்து, ஒரு சஹனைச் சுற்றி நாலு பேராக உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டோம். நான் அன்று தின்ற தீனியை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுவார்கள்.

ஸ்டேட்டஸை அழித்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சுக்குங்க லாத்தா."

"இதுல என்ன தம்பி இருக்கு? எம்புள்ளைக்கித் துஆ கேளுங்க, அது போதும்."

"கேக்காம இருப்பனா?" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். அந்தப் பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ வருடமாக எதிரெதிர் வீடு. குவைத் நாட்களில் உம்மா, வராதவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித்தான் துஆ கேட்பார். ஒரு பெயர்கூட விட்டுப்போகாது. நான், "எதிர்வீட்டுப் பிள்ளை" என்று சொல்லிக் கையை இறக்கினேன்.