லாத்தாவின் வெள்ளிக்கிழமை ஆர்டர்கள்

தாராவியில் என் லாத்தா தோல் பை தைக்கும் பட்டறை நடத்துகிறாள். உடன்பிறந்த அக்காள், கோபம் வந்தால் மட்டும் என்னை ‘இன்ஜினியர்’ என்பாள். அவளுக்கு வெப்சைட் செய்து கொடுத்தது நான்தான். ஐரோலி ஐ.டி. ஆபீஸில் பெரிய கம்பெனிகளுக்குச் செய்கிறவனுக்கு இது ஜுஜுபி என்ற தெனாவெட்டு.

மூன்று மாதமாகியும் ஆர்டர் சொற்பம்தான். “நம்ம பை யாருக்கும் புடிக்கலபோல தம்பி. பட்டறைய பந்த் பண்ணிரலாம்னு நெனைக்கேன்” என்றாள். சைட்டில் நேரும் பிழைகளைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலைத் திறந்து காட்டினேன். பிழை என்று ஒரு வரிகூட இல்லை. “சைட்ல ஒரு குத்தமும் இல்ல லாத்தா.” அப்படியென்றால் குற்றம் உன் பையில் என்றுதானே அர்த்தம்? அவள் முகம் வாடியதை இப்போது நினைத்தாலும் என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

மறுவாரம் செம்பூரிலிருந்து ஓர் அம்மாள் பட்டறைக்கே வந்துவிட்டார். ஆர்டர் போட்டு இருபது நாளாகிறது, பை எங்கே? அவர் போனில் ‘நன்றி, ஆர்டர் கிடைத்தது’ என்ற எங்கள் பக்கம் இருந்தது. ஆர்டர் போட்ட நேரம் வெள்ளிக்கிழமை, மதியம் ஒன்றேகால்.

“அந்நேரம் மெயின் ஆஃப்ல கெடக்குமே தம்பி” என்றாள் லாத்தா.

பட்டறை ஆட்கள் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போது மெயின் ஸ்விட்சை அணைப்பது எங்கள் வாப்பா காலத்துப் பழக்கம். ஆர்டர் சீட்டு அச்சடிக்கும் பிரின்டரும் சேர்ந்து அணைந்துவிடும்.

லேப்டாப்பைத் திறந்து நான் எழுதியிருந்ததைப் பார்த்தேன். வாங்குகிறவரைக் காக்கவைக்கக் கூடாதென்று முதலில் நன்றி சொல்லிவிட்டு, ஆர்டரை அச்சடித்துப் பதிவு செய்யும் வேலையைப் பின்னணியில் ஓடவிட்டிருந்தேன். அது முடிந்ததா என்று பார்க்க ஒரு வரி எழுதவில்லை. பிரின்டர் கிடைக்காமல் அந்த வேலை பாதியில் விழுந்திருக்கிறது. பிழையைப் பிடிக்க ஆளில்லாதபோது லாக்கில் எப்படி வரும்? ஆபீஸ்காரர்கள் சாப்பாட்டு நேரத்தில் பை பார்க்கிற அந்த ஒரு மணி நேரம், வாரா வாரம் வீணாகியிருக்கிறது.

தோல் கட்டின்மேல் உட்கார்ந்தபடியே திருத்தினேன். முதலில் பதிவு, அப்புறம்தான் அச்சு; பிரின்டர் அணைந்திருந்தால், அது உயிர் பெற்றதும் விட்டுப்போனதை அச்சடிக்கும். பின்னணியில் எது விழுந்தாலும், யாரும் பிடிக்காத பிழைகூட லாக்கில் ஏறும். என் போனுக்கும் வரும்.

அடுத்த வெள்ளி தொழுகை முடிந்து செருப்பை மாட்டும்போதே போனைப் பார்த்தேன். பதினொரு பிழைகள். பட்டறைக்கு ஓடினேன். “பதினோரு எரர் லாத்தா! பதினொன்னும் ஆர்டர்!”

அவள் மெயினைப் போட்டாள். பிரின்டர் ஒவ்வொரு சீட்டாகத் துப்பியது. கடைசிச் சீட்டுவரை எடுத்து அடுக்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்போ, பையில குத்தமில்லல்லா?”

“இல்ல லாத்தா. எங்கிட்டதான்.”