நெட்டை விட்டவர்கள்

ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடையில் முதலீடு கம்ப்யூட்டர் இல்லை, பொறுமை. தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற கரமனையில் பன்னிரண்டு வருஷமாக அதைப் போட்டுத்தான் ஓட்டுகிறேன். பெரியவர்களால் தொல்லை இல்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு உட்காருவார்கள். எல்லாம் தெரிந்தும் 'இன்டர்நெட்டை விட்டுட்டேன்' என்று வருகிற இருபத்தைந்து வயதுக்காரர்கள்தான் உயிரை வாங்குகிறார்கள். என்னை மாதிரி கடை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிற உங்களுக்கும் இவர்களைத் தெரியும்.

விடைபெற்றவர்

ஜிம்மில் பயிற்சி கொடுக்கிற பையன். பட்டன் போனை மெடல் மாதிரி என் மேஜையில் வைத்துவிட்டு, நெட்டை விட்டு ஒரு மாதமாகிறது, மனசு லேசாக இருக்கிறது என்றான். சென்னைக்கு ரயில் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். அவன் எழுந்திருக்கவில்லை. விட்டுப் போகும்போது நீளமாக ஒரு பதிவு போட்டிருந்தானாம்; அதன் கீழே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமாம். திரையை அவன் பக்கம் திருப்பினேன். சட்டென்று முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டான். "நான் பார்க்க மாட்டேன் அக்கா. நீங்க வாசிங்க. மெதுவா வாசிக்கணும், கேட்டோ."

மன அமைதி

அக்ரஹாரத்துப் பெண் ஒருத்தி வாரம் தவறாமல் வருவாள். அண்ணனுக்குப் பரீட்சை ஃபீஸ், அண்ணனுக்கு ஹால் டிக்கெட். அந்த அண்ணன் வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பான். உள்ளே வந்தால் என்ன என்று கேட்டேன். "கம்ப்யூட்டரைப் பார்த்தாலே அவனுக்கு டென்ஷன் ஆயிடறதாம். அவனோட மெயில், வாட்ஸ்அப் எல்லாம் என் போன்லதான் வரது. எனக்குத்தான் படிக்க நேரமே இல்லே."

கடைசித் தேதி

மூன்றாவது ஒருத்தி வித்துராவிலிருந்து பஸ் மாறி வந்தாள். அப்பா அம்மா அங்கே தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார்கள். கரமனையில் ஹாஸ்டலில் தங்கி லேப் டெக்னீஷியன் படித்தவள். ஓர் ஆஸ்பத்திரி வேலைக்கு நான்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்திருந்தேன். இப்போதெல்லாம் நெட் பார்ப்பதில்லை என்று சொல்லி, ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டாள். அவள் மெயிலைத் திறந்தேன். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்; அது முந்தாநாளே முடிந்துவிட்டது. மெயில் வந்து பத்து நாளாகிறது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மெயில்கூடப் பார்க்காம உனக்கென்ன அப்படி ஒரு கொள்கை?" என்று கேட்டேன். கூடப் படித்தவன் ஒருவன் அவள் படத்தை அசிங்கமாக மாற்றி எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். அன்றைக்கு அணைத்த போனை அவள் திறக்கவே இல்லை. இதைத் தலை நிமிராமல் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கெஞ்சிப் பார்த்தேன். வேறு ஆளை எடுத்தாகிவிட்டது என்றார்கள். அவள் சர்டிபிகேட்டுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். "தபால்ல அனுப்பியிருந்தா கிடைச்சிருக்கும் சேச்சி. எங்க எஸ்டேட் லைன் வீட்டுக்கும் தபால்காரர் வருவார்."

நெட்டை நிம்மதியாக விடுவதற்கு, முதலில் நமக்காக நெட் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.