பேய் பங்களாவுக்கு ஒரு பகல் பயணம்

காலை ஒன்பது மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தேன். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கலாம். மேற்கே மலை கூடவே வந்தது. இணையத் தொடருக்குத் திகில் கதை எழுதுகிறேன். வீடியோவில் பார்த்த ஒரு பங்களாவை நேரில் பார்க்காமல் திரும்புவதில்லை என்று கிளம்பியிருந்தேன்.

இந்தப் பங்களாக் கதைகள் ஐரோப்பாவில் பிறந்தவை. இடிந்த கோட்டை, பூட்டிய அறை, உள்ளே ஒரு பெண். நம் வாரப் பத்திரிகைகளில் கோட்டை ஜமீன் பங்களாவாயிற்று. சினிமாவில் வெள்ளைச் சேலையும் கொலுசும் சேர்ந்தன. இப்போது கைபேசியில் பார்ப்பவர்களுக்கு நிமிடத்துக்கு ஓர் அலறல் வேண்டும் என்கிறார் என் இயக்குநர்.

"பேய் பங்களாவாக்கா?" என்றார் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர். "அங்க ஒரு அம்மா தனியா இருக்காக. வீடியோ வந்த பொறவு ஒருத்தரும் அந்தப் பக்கம் போறதில்ல."

கதவைத் திறந்தவர் சரோஜா. ஐம்பது வயதிருக்கும். கூடத்தில் நைட்டித் துணி குவிந்திருந்தது. தையல் மிஷின்கள் வரிசையாக நின்றன. ஒன்றில்தான் நூல் கோத்திருந்தது.

"நீங்களும் பேய்ப்படம் எடுக்கத்தான வந்திருக்கீக?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"தைக்க வந்த பிள்ளைக அம்புட்டும் நின்னுருச்சு. நான் ஊருல இல்லாதப்ப அந்த வீடியோக்காரங்களுக்குச் சாவி குடுத்ததே எங்க அண்ணன்மாருதான். பயந்துபோயி வீட்ட அவுகளுக்கு எழுதிக் குடுத்துருவேன்னு நெனச்சாக."

"பயமா இல்லையா?"

"பேய்க்கா? கையெழுத்துக் கேட்டு வாரவுகள நெனச்சாத்தான் பயம். ஆனாலும் போகமாட்டேன்."

வீடு, அதில் ஒரு பெண், அவளை வெளியேற்றத் துடிக்கும் சொந்தங்கள். கொலுசுச் சத்தத்தில் நாம் தொலைத்துவிட்ட பழைய கதை இதுதான். அங்கிருந்தே இயக்குநருக்குப் போன் செய்தேன்.

"பேய் இல்லாம யார் பார்ப்பாங்க?" என்றார்.

"பேய் இருந்தா நான் எழுதலை, சார்."

"முதல் பகுதியை அனுப்புங்க. அப்புறம் சொல்றேன்" என்றார்.

வீட்டையும் பெயரையும் மாற்றிவிடுவதாகச் சரோஜாவிடம் சொன்னேன்.

"பேர மாத்துங்க. வீட்ட மாத்தாதீக. பகல்ல காட்டுங்க, மிஷின் ஓடுறதையும் காட்டுங்க. பிள்ளைக திரும்பி வரணும்."

மாலை பஸ்ஸில் முதல் காட்சியை எழுதினேன். காலை வெளிச்சம். எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறது. வாசலில் இரண்டு அண்ணன்கள், பழப் பையோடும் பத்திரத்தோடும், சிரித்தபடி நிற்கிறார்கள்.